வெந்த நேரம்

திரைக்கு வெளியே நிற்கச் சொன்னதால் அவள் வெளியேதான் நின்றாள். ஆனால் திரை முழுசாக மூடவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கணவனின் வலது கை தெரிந்தது. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒட்டச் சேர்த்து, உடம்பில் படாமல் அவன் வயிற்றுக்கு மேலே வைத்து வைத்து எடுத்தார். தையற்காரர்கள் துணியைச் சாண் போட்டு அளப்பதைப் போலிருந்தது. நாலு தரம் வைத்தார். பிறகு கால்களைப் பார்த்தார். கால்களைக் கை வைத்து அளக்கவில்லை. மேலிருந்து கீழே ஒருமுறை, பின்பக்கம் திருப்பச் சொல்லி ஒருமுறை, அவ்வளவுதான்.

"ஒரு காலுக்குப் பதினெட்டு. ரெண்டும் முழுசாவே போயிருக்கு. முப்பத்தாறு. வயித்துல கைக்கு ஒண்ணா நாலு. உடம்புல நாப்பது பர்சென்ட் வெந்திருக்கு," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, திரையை விலக்கி இவளைப் பார்த்தார். சின்ன வயதுப் பெண் டாக்டர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "உங்க வீட்டுக்காரர் எத்தனை கிலோம்மா?"

அவள் விழித்தாள். பதினோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள். அவனுக்கு எந்தப் பல் சொத்தை, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை வரும், சட்டைக்கு எத்தனை முழம் பிடிக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எடை என்றால் என்னவென்று சொல்வது? அவனை இப்போது எழுப்பி எடைமேடையில் நிறுத்தவா முடியும்?

"அம்பது," என்று பின்னாலிருந்த பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

சோடாக்கா. லாண்டரியில் சலவைச் சோடா கரைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். அவனை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவள் அவள்தான். இரண்டு கைகளையும் ஒரு ஈரத்துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். சோடாக்கா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். ஓட்டல்களிலிருந்து வருகிற அழுக்கு விரிப்புகளை லாண்டரியில் ஐம்பது ஐம்பது கிலோவாக மூட்டை கட்டுவார்கள். போன வாரம் யாரோ வம்புக்கு இவனைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். முள் போய் மூட்டை நிற்கிற இடத்திலேயே நின்றது. அன்றையிலிருந்து மாடியில் இஸ்திரி போடுகிற பெண்கள், "கொக்கே, உன்னையும் மடிச்சு அனுப்பிட்டா ஓட்டல்காரன் கணக்குல எடுத்துக்குவான்," என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். கொக்கு என்பது அங்கே அவனுக்குப் பெயர். உயரமும் ஒல்லியும் அப்படி.

நர்ஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அந்த எண் கிடைத்ததே போதும் என்பதுபோலத் தலையாட்டினார். "ஒரு பர்சென்டுக்குக் கிலோவுக்கு நாலு மில்லி. ஐம்பது கிலோ. நாப்பது பர்சென்ட். பெருக்கினா எட்டாயிரம். எட்டு லிட்டர் சலைன் ஏத்தணும்." அப்புறம் கட்டிலின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "ஐயா, எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கொதிதண்ணீர் ஊற்றின உடம்புக்குக் குளிர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"எட்டு மணிக்கு," என்றான்.

டாக்டர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். இவளும், "ஆமா. எட்டு," என்றாள்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி. "அப்ப நாலு மணிக்குள்ள நாலு லிட்டர். மீதி நாளைக்குக் காலையில எட்டு வரைக்கும்." நர்ஸ் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு, சொட்டு விழுகிற குழாயைத் தட்டி, சக்கரத்தை நகர்த்தினாள். சொட்டுகள் விழத் தொடங்கின.

எட்டு மணிக்கு நடக்கவில்லை. ஆறு மணிக்கு நடந்தது.

அவன் தினமும் ஐந்து மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிடுவான். எட்டு மணிக்குச் சங்கு ஊதும்போது தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி ஊறாது, இயந்திரம் ஓடாது. பாய்லர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் தொட்டி முழுவதையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதனால் அவனும் சோடாக்காவும் ஐந்தரைக்கு உள்ளே இருப்பார்கள். வேலை நேரம் என்னவோ எட்டிலிருந்துதான். அதற்கு முன்னால் செய்வதற்கு வேலை என்று பெயரில்லை. "சூடு போடறது" என்று சொல்வார்கள்.

இன்றைக்குச் சூடு போடும்போது தொட்டிக்கு வருகிற ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. வயிற்றிலும் கால்களிலும் கொட்டிய கொதிதண்ணீர் முழங்கால் வரை ஏறிய ரப்பர் பூட்ஸுக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சோடாக்காதான் ஓடிவந்து பூட்ஸை இழுத்தாள். வரவில்லை. கத்திரியால் வெட்டி எடுத்தாள். பிறகு பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். சூப்பர்வைசர் வந்தபோது ஆறே கால். எட்டு மணிக்கு முன்னால் வண்டிக்குப் பெரிய வாசலைத் திறக்கக் கூடாது, காவல்காரன் பார்ப்பான், கேள்வி வரும் என்றார். அவனை ஈர விரிப்பில் சுற்றி மடிப்பறையில் படுக்கவைத்தார்கள். சங்கு ஊதியதும் வண்டி கிளம்பியது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் எங்களால் ஆகாது என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே வந்து சேரும்போது ஒன்பதே முக்கால்.

இவள் வேலை செய்கிற பேக்கரிக்கு எட்டரைக்குப் போன் வந்தது. சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் தட்டாமல் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் சூப்பர்வைசர் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே விடுவதற்கு முன்னால் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போலச் சொன்னார். எட்டு மணி. சங்கு ஊதின உடனே. அப்படிச் சொன்னால்தான் வேலையில் நடந்த விபத்து. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது, நஷ்டஈடு உண்டு. ஆறு மணி என்று வாய் தவறி வந்துவிட்டால், பூட்டியிருக்கிற இடத்துக்குள் நீ எதற்குப் போனாய் என்று அவனைத்தான் கேட்பார்கள். அவனுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று, அவனும் சரியென்றுவிட்டான் என்றார்.

அது பொய்யில்லை. கட்டிலருகே அவள் குனிந்தபோது அவன் முதலில் சொன்னதே அதுதான். தண்ணி வேணும் என்றுகூட அதற்கப்புறம்தான் கேட்டான்.

"எட்டுன்னே சொல்லு. மாத்திடாத."

பதினோரு மணிக்கு நர்ஸ் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, மூத்திரப் பையிலிருந்து ஒரு சின்ன அளவு ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஜாடியின் அடியில் ஒரு வாய் அளவுதான் இருந்தது. "பதினோரு மில்லி," என்றாள். மணிக்கு இருபத்தைந்து, முப்பது மில்லியாவது வர வேண்டுமாம். உள்ளே போகிற தண்ணீர் போதுமா போதாதா என்று வேறு எதுவும் சொல்லாதாம், இதுதான் சொல்லுமாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொட்டுகளைக் கொஞ்சம் கூட்டினார்.

வலிக்கு ஊசி போட்டிருந்ததால் அவன் கண்ணை மூடியிருந்தான். முகம் ஊதிக்கொண்டே வந்தது. அந்த முகத்தில் தண்ணீர் பட்டதே இல்லை. காலில் வெந்ததற்கு முகம் ஏன் ஊத வேண்டும்? நர்ஸ் ஜாடியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். பெரிதாக வெந்துவிட்டால் ரத்தக் குழாயெல்லாம் ஓட்டை வாளி மாதிரி. ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் கசிந்து சதைக்குள் போய்விடும். உடம்பு வெளியே ஊதும், உள்ளே வற்றும். வற்றினால் முதலில் கிட்னி படுத்துவிடும், அப்புறம் ஒவ்வொன்றாக. அதனால்தான் இப்படி ஊற்றிக்கொண்டே இருக்கிறோம் என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜாடியில் எட்டு. நிறமும் நன்றாக இல்லை. ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி இருந்தது. டாக்டர் ஜாடியைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அவன் நாடியைப் பிடித்தார். நகத்தை அழுத்தி, விட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். கணக்குப்படிதானே போகிறது, அதற்கும் மேலேயே போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். ஒல்லி உடம்பு, கண்டபடி ஊற்றினால் நுரையீரலில் தேங்கிவிடும், அதற்கும் பயமாக இருக்கிறது என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"எட்டு மணிதானேம்மா?"

"ஆமா."

முதல் தடவை அவன் சொன்னதை இவள் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை அவளே சொன்னாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் காலியான பாட்டிலைக் கழற்றி வேறு மாட்டினாள். மூன்றாவது தீர்ந்துவிட்டது. அவளிடம் கேட்பதற்குப் பயமில்லை, வயது கூடினவள், இவளை மாதிரியே நின்று நின்று கணுக்கால் வீங்கியவள். எட்டு மணியா ஒன்பது மணியா என்று டாக்டரம்மா ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார், வெந்தது வெந்ததுதானே என்று இவள் கேட்டாள்.

"அதுலதான் எல்லாமே இருக்கு. மொத்த எட்டு லிட்டர்ல பாதி, மொத எட்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். அந்த எட்டு மணி நேரம் இங்க வந்ததுல இருந்து இல்ல. வெந்த நேரத்துல இருந்து."

"அப்ப... ஒரு பேச்சுக்கு, அதுக்கும் முன்னாடியே நடந்திருந்தா?"

நர்ஸ் பாட்டிலிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "அப்ப நாம இவ்வளவு நேரமா பத்தாம ஏத்திட்டு இருக்கோம்னு அர்த்தம்," என்றாள்.

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி. இப்போதே பன்னிரண்டு தாண்டிவிட்டது. இரண்டுக்குள் எட்டு பாட்டில் போயாக வேண்டும், மூன்றுதான் போயிருக்கிறது.

வெளியே நடைவழியில் சூப்பர்வைசர் காகிதக் கோப்பையில் டீயை ஊதிக்கொண்டிருந்தார். இன்னொரு கோப்பை அவளுக்கென்று பெஞ்சில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடாமல், நேரத்தை மாற்றிச் சொல்லவேண்டும் சார், இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டார் போலிருக்கிறது என்றாள். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இங்க பாரும்மா. ஆறுன்னாலும் எட்டுன்னாலும் ஏறப்போறது அதே எட்டு லிட்டர்தானே? ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன. அதுக்காக இருக்கறதையும் கெடுத்துக்காத. எட்டுக்கு முன்னாடி உள்ள ஆளே கிடையாதுன்னு மாசாமாசம் நான்தான் கையெழுத்துப் போடறேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கு உன் வீட்டுக்காரன் எந்திரிச்சு உக்காருவான். உக்காந்ததும் எதை வெச்சு சாப்பிடறதுன்னு கேப்பான். நீ என்ன சொல்லுவ?"

அந்தக் காலை வைத்துக்கொண்டு இனி அவன் எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறான்? வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, அவன் அம்மாவுக்கு மாத்திரை, எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. அவனே சொல்லியிருக்கிறானே, மாற்றிவிடாதே என்று. அவன் உடம்பு, அவன் பேச்சு. அதை மீறினால் நாளைக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பது? மீறாவிட்டால் அந்த முகமே இருக்குமா?

சோடாக்கா அதே பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவளும்தான் ஐந்தரைக்கு உள்ளே இருந்தவள். ஆறு என்று சொன்னால் அவளுடைய வேலைக்கும் அது ஆபத்து. இவள் கேட்காமலேயே அவளைப் பார்த்தபடி நின்றாள். சூப்பர்வைசரும் பார்த்தார்.

"எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது தங்கச்சி," என்றாள் சோடாக்கா, அவரைப் பார்க்காமல். "நான் தண்ணி ஊத்தினேன். எட்டுக்கு ஊத்தல. ஆறுக்கு ஊத்தினேன்."

டாக்டர் இரண்டு கட்டில் தள்ளி ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் போய் நின்றாள். ஒரு யோசனை பண்ணிக்கொண்டுதான் போயிருந்தாள்.

"ஆறு மணிக்கு நடந்துச்சுங்க. எட்டு இல்ல. ஆறுன்னு வெச்சு ஏத்துங்க டாக்டர். ஆனா எட்டுன்னே எழுதிக்கங்க."

டாக்டர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோபப்படுவார் என்று இவள் நினைத்தாள். அவர் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று அவன் கட்டிலுக்கு நடந்தார். நடந்துகொண்டே இடது கையிலும் ஒரு ஊசி ஏற்றச் சொன்னார், இரண்டு பாட்டிலும் சேர்ந்து ஓடட்டும் என்றார், கால்மணிக்கொரு தரம் நெஞ்சைக் கேட்கிறேன் என்றார். ஐந்து பாட்டிலையும் ஒரேயடியாகக் கொட்ட முடியாது, தாங்குகிறவரைக்கும் ஓட்டுவோம் என்றார். சக்கரத்தைத் திருப்பியதும் சொட்டாக விழுந்தது நூலாக ஓடியது. அதற்கப்புறம்தான் இவளிடம் திரும்பினார்.

"ஏன் எட்டுன்னு எழுதணும்?"

இவள் சொன்னாள். சங்கு, சூடு போடுவது, சூப்பர்வைசர், நஷ்டஈடு, எல்லாவற்றையும் மூன்று நாலு வாக்கியத்தில் கொட்டினாள்.

"எட்டுன்னு எழுதினா மீதிப் பாதி தப்பாயிடும்மா. அது நாளைக்குக் காலையில ஆறு வரைக்கும் போகணும். அப்ப நான் இருக்க மாட்டேன். சாயந்திரம் வேற டாக்டர், ராத்திரி வேற நர்ஸ். அவங்களுக்கு உங்களையும் தெரியாது, உங்க லாண்டரியையும் தெரியாது. இங்க என்ன எழுதியிருக்கோ அதை வெச்சுத்தான் ஏத்துவாங்க."

இவள் கணவனின் கையைப் பார்த்தாள். காலையில் டாக்டர் அளப்பதற்குப் பிடித்த கை. விரல்கள் இப்போது ஒன்றோடொன்று சேராத அளவுக்கு ஊதியிருந்தன.

"ஆறுன்னே எழுதுங்க," என்றாள்.

ஒரு மணிக்கு ஒன்பது. இரண்டு மணிக்குப் பதினாறு. நர்ஸ் குனிகிறபோதெல்லாம் இவளும் குனிந்தாள். ஜாடியில் விழுகிற சத்தத்தைக் கேட்டாள். இவ்வளவு வயதுக்கு ஒருவன் மூத்திரம் போகிறானா என்று இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை, அவள் பெற்ற பிள்ளைக்குக்கூடப் பார்த்ததில்லை. மூன்று மணிக்கு நர்ஸ் ஜாடியைத் தூக்கி இருபத்தேழு என்றபோது, அந்தக் கடுங்காப்பி நிறம் வெளுத்து வெறும் டீயாகியிருந்தது. சந்தோஷப்படாதே, இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை, இரண்டு நாள் போகவேண்டும், கால்களை வேறு பார்க்கவேண்டும் என்று நர்ஸ் எச்சரித்தாள். ஆனால் அவளும் ஜாடியைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் கண் விழித்தான். இமைகள் ஊதி, ஒரு கீற்று மட்டும் திறந்தது. இரண்டு கைகளிலும் குழாய் இருப்பதைப் பார்த்தான்.

"என்ன சொன்ன?"

"ஆறு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் ஈரப்பஞ்சை எடுத்து, திரும்பிய முகத்தின் உதட்டை எட்டித் துடைத்தாள். அவன் தடுக்கவில்லை.

சூப்பர்வைசர் மாடிப்படியருகே நின்று வெகுநேரம் போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார். டீ வாங்கிக்கொடுத்த குரல் இப்போது இல்லை. மேலே பேசிவிட்டதாகச் சொன்னார். எட்டு மணிக்கு முன்னால் லாண்டரிக்குள் வேலையும் கிடையாது, ஆளும் கிடையாது. அவன் தன்னிச்சையாக உள்ளே போயிருக்கிறான். இதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் கம்பெனியில் அப்படித்தான் எழுதிக்கொடுப்பார்களாம். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கண் அவளைத் தாண்டி ஜன்னலில் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு, போகிற வழியில் சோடாக்காவின் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

சோடாக்கா எழுந்து நின்றபோதுதான் துண்டு நழுவியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழண்டு, கொப்புளங்கள் உடைந்து துண்டில் ஒட்டியிருந்தன. பூட்ஸை இழுத்த கைகள். நர்ஸ் பார்த்துவிட்டு, காலையிலிருந்து இங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறாய், வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று கத்தினாள். அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, கழுவி, மருந்து தடவி, வெள்ளைத் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். கொக்கின் மனைவி வந்து துணிச்சுருளை விரித்துக் கொடுத்தாள். சுற்று முழங்கையிலிருந்து இறங்கி மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்கு வந்தபோது சோடாக்கா கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.

"விரலை விட்டுட்டுக் கட்டுங்க சிஸ்டர்."

விரலிலும் வெந்திருக்கிறது, மூடித்தான் கட்டவேண்டும், பத்து நாளைக்கு ஈரமே படக்கூடாது என்றாள் நர்ஸ்.

"காலையில பாய்லர் வால்வு சக்கரத்தைத் திருகித் திறக்கணும்."

"எத்தனை மணிக்கு?"

சோடாக்கா கொக்கின் மனைவியை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"அஞ்சரைக்கு வரச் சொல்லிட்டுப் போறாரு."

நர்ஸின் கை நின்றது. அவள் கத்திரியை எடுத்து, சுற்றிய துணியை மணிக்கட்டோடு வெட்டி முடிச்சுப் போட்டு, மறுகையையும் அப்படியே கட்டினாள். வெள்ளைக் கட்டுக்கு வெளியே பத்து விரல்களும் சிவந்து ஊதி நின்றன. சோடாக்கா அவற்றை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கினாள். பாதி மடங்கின. பிறகு இரண்டு கைகளையும் காற்றில் சேர்த்து, இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக மெல்லத் திருகிப் பார்த்தாள்.